கடலோர ஊர்களில் விண்மீன் பார்க்க எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம்?

கெடிலக்கரை | 8 பிப்ரவரி 2026, இரவு 8.10

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளியில் நடந்த வான்நோக்கு நிகழ்ச்சியில் வியாழனையும் அதன் நான்கு நிலவுகளையும் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, வீட்டில் ஒரு தொலைநோக்கி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதற்கென 25,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். இணையக் கடைகளில் தேடினால் ஒரு கருவி 525 மடங்கு பெருக்கிக் காட்டும் என்றும், மற்றொன்று 675 மடங்கு காட்டும் என்றும் போட்டிருக்கிறார்கள்; விலையும் கைக்கு எட்டுவதாகவே இருக்கிறது. இவற்றை நம்பி வாங்கலாமா? எங்கள் வீடு இரண்டு மாடி. மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு குறுகலானது. கடல் நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாகூர் ஏரிக்கரை | 8 பிப்ரவரி 2026, இரவு 9.45

ஐயா, வணக்கம். அந்த 525, 675 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கியின் குவியத்தொலைவை (ஒளி வந்து குவியும் தூரத்தை) ஐபீஸின், அதாவது நாம் கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழாயின், குவியத்தொலைவால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். 700 மி.மீ. குழலில் 4 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 175 மடங்கு. அதன் முன்னால், உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற துணை வில்லையைச் செருகினால் 525. குழல் 900 மி.மீ. என்றால் அதே கணக்கு 675 ஆகிவிடும். ஆனால் ஒரு தொலைநோக்கி தாங்கக்கூடிய உருப்பெருக்கம், அதன் வில்லை அல்லது ஆடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டால் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்குதான். 70 மி.மீ. கருவிக்கு 140 மடங்கே எல்லை. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகுமே தவிர, மங்கிக் கலங்கி, புதிதாக எதையும் காட்டாது. ஆகவே பெட்டியின் மேல் உருப்பெருக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் கருவியை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் விட்டம். திரட்டும் ஒளி விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது, 130 மி.மீ. ஆடி 70 மி.மீ. வில்லையைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். நிலவுக்கும் கோள்களுக்கும் இந்த வேறுபாடு அவ்வளவு உறைக்காது. விண்மீன் கொத்துகளையும் ஒளிமுகிற்படலங்களையும் பார்க்கத் தொடங்கினால் உடனே தெரியும்.

அடுத்தது தாங்கி. குழலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடத் தாங்கிக்கு யாரும் கொடுப்பதில்லை. மெல்லிய அலுமினிய முக்காலியின் மேல் நல்ல குழலை வைத்தாலும், குவியம் திருத்தக் கையை வைத்தவுடன் படம் ஆடத் தொடங்கி, அது நிற்பதற்குள் வியாழன் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். கலிபோர்னியாவில் ஜான் டாப்சன் என்பவர் 1960களில் பரப்பிய எளிய மரத்தாங்கி இதற்கு நல்ல தீர்வு. நியூட்டன் வகைக் குழலை (அடியில் உள்ள ஆடியால் ஒளியைத் திரட்டுவது) ஒரு பலகைப் பெட்டியில் உட்கார வைத்து, இடவலமாகவும் மேல்கீழாகவும் கையால் தள்ளிப் பார்ப்பது மட்டுமே அதில் உண்டு. மோட்டாரோ மின்கலமோ இல்லாததால், கொடுக்கும் பணம் முழுவதும் ஆடிக்கே போகிறது. இந்த வகைக் கருவியைத்தான் டாப்சோனியன் என்கிறோம்.

உங்கள் படிக்கட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என்னிடம் உள்ள 200 மி.மீ. டாப்சோனியன் தாங்கியோடு சேர்த்து இருபது கிலோவைத் தாண்டும்; குழல் மட்டுமே ஒன்றேகால் மீட்டர் நீளம் இருக்கும். அதை நான் தரைத்தளத்தில் வைத்திருப்பதால்தான் வாரத்தில் மூன்று நாள் வெளியே எடுக்கிறேன். உங்களுக்கு 114 அல்லது 130 மி.மீ. ஆடி கொண்ட, மேசைமேல் வைக்கும் டாப்சோனியனைப் பரிந்துரைப்பேன். ஒரே ஆள் ஒரே நடையில் மாடிக்கு எடுத்துச் சென்றுவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குழல் அரை மீட்டர்தான் இருக்கும், குவியத்தொலைவு மட்டும் 1000 மி.மீ. என்று போட்டிருக்கும் மலிவான நியூட்டன் வகைக் கருவிகளை வாங்க வேண்டாம். கோள வடிவ ஆடியின் பிழையைக் குவியக் குழாய்க்குள் இருக்கும் ஒரு வில்லையால் சரிக்கட்ட முயலும் அமைப்பு அது. அந்த வில்லை தரமாக இல்லாவிட்டால் படம் கூர்மையாகாது, ஒளியச்சைச் சீரமைப்பதும், அதாவது ஆடிகளை ஒரே நேருக்குக் கொண்டுவருவதும், பெரும்பாடு. நான் முதன்முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். ஓராண்டு முழுவதும் என் கண்ணில்தான் கோளாறு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இலாசுப்பேட்டை ஆசிரியை | 9 பிப்ரவரி 2026, காலை 6.30

நான் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பாகூர் நண்பர் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் வரிசையில் எனக்கு மாறுபாடு உண்டு. வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாத குழந்தையின் கையில் முதலிலேயே தொலைநோக்கியைக் கொடுத்தால், அது நிலவையும் வியாழனையும் பார்த்து முடித்த பிறகு வேறெதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் சலித்துப்போவதைப் பள்ளியில் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் ஆறு மாதங்களுக்கு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெருக்கும், 50 மி.மீ. வில்லை கொண்டது) ஒன்று போதும் என்பேன். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் அதன் பார்வைப் புலத்துக்குள் அடங்கும்; மிருகசீரிடத்தின் கீழே வாள்போல் தொங்கும் மூன்று மீன்களில் நடுவே உள்ளது மீன் அல்ல, ஒளிப்புகை என்பது புலப்படும்; வியாழனின் நிலவுகள்கூட, முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டால் புள்ளிகளாகத் தெரியும்.

தொலைநோக்கியோ பைனாகுலரோ, சூரியனை நோக்கி ஒரு நொடியும் திருப்பக் கூடாது என்பதைக் குழந்தைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். மலிவான பெட்டிகளில் ஐபீஸில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் 'சூரிய வடிகட்டி' என்று வைத்திருப்பார்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்துவிடும். கிடைத்தவுடன் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணத்தின்போது, அப்படிப்பட்ட ஒன்றைத் தொலைநோக்கியில் பொருத்திக்கொண்டிருந்த மாணவனை நான் தடுக்க நேர்ந்தது. அந்தக் காலைப் பொழுதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் பதறுகிறது.

கெடிலக்கரை | 9 பிப்ரவரி 2026, இரவு 7.20

இருவருக்கும் நன்றி. ஆறு மாதம் காத்திரு என்று மகளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அம்மா. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வழியுண்டா?

வைத்திக்குப்பம் | 9 பிப்ரவரி 2026, இரவு 10.05

டாப்சோனியனைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுபோல் உரையாடல் போய்க்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். நான் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது வில்லையும் ஆடியும் சேர்ந்த மக்ஸுடோவ் வகைத் தொலைநோக்கி, 90 மி.மீ. குவியத்தொலைவு 1250 மி.மீ. ஆனாலும் ஒளி உள்ளே மடங்கிச் செல்வதால் குழல் ஒரு முழத்துக்கும் குறைவு, தோள்பையில் அடங்கிவிடும். முன்புறம் வில்லையால் மூடியிருப்பதால் உப்புக்காற்று ஆடியைத் தொடுவதில்லை, ஒளியச்சும் எளிதில் குலையாது. நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் அது காட்டும் கூர்மைக்கு ஈடு சொல்ல முடியாது. நியூட்டன் வகையின் திறந்த குழலைக் கடலோரத்தில் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பதை யோசிக்க வேண்டும்.

பாகூர் ஏரிக்கரை | 9 பிப்ரவரி 2026, இரவு 10.50

நியாயமான கேள்விதான். ஆயினும் மூன்று செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 130 மி.மீ. ஆடி உங்கள் 90 மி.மீ. கருவியைவிட இரு மடங்கு ஒளியைத் திரட்டும். அடுத்து, 1250 மி.மீ. குவியத்தொலைவில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 50 மடங்கு. பார்வைப் புலம் ஒரு பாகையளவே கிடைக்கும். 650 மி.மீ. கொண்ட 130 மி.மீ. கருவியில் அதே ஐபீஸ் 26 மடங்கில் இரண்டு பாகையைக் காட்டும்; அதாவது முழுநிலவைப்போல் நான்கு மடங்கு அகலம். பொருளைத் தேடிப் பிடிக்கப் பழகும் குழந்தைக்கு இந்த அகலம் பெரிய உதவி. மூன்றாவது பனி. தை, மாசி இரவுகளில் உங்கள் முன்வில்லை ஒரு மணி நேரத்துக்குள் நீர் பூத்துவிடுவதில்லையா? நியூட்டன் வகையின் ஆடி குழலின் அடியில் ஆழமாக இருப்பதால் அது அவ்வளவு விரைவில் நனைவதில்லை.

வைத்திக்குப்பம் | 9 பிப்ரவரி 2026, இரவு 11.15

நீர் பூக்கிறது, மறுக்கவில்லை. நுரைப்பாயை வெட்டி, குழலின் முனையில் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்குமாறு சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். இரண்டு மணி நேரம் தாங்குகிறது. குளிர்சாதன அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால் மட்டும் அந்தக் கணமே மூடிவிடும். அது எந்தக் கருவிக்கும் பொருந்தும். மூடியைக் கழற்றாமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அதன் பிறகே திறக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம் | 10 பிப்ரவரி 2026, பிற்பகல் 2.40

உப்பைப் பற்றிய பேச்சு வந்ததால் நான் சொல்லலாம். கண்ணாடியிழைப் படகுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கடலிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் ஏழாண்டுகளாக ஒரு 150 மி.மீ. டாப்சோனியனை வைத்திருக்கிறேன். ஆடி இன்னமும் நன்றாகவே இருக்கிறது; முதலில் கெட்டது தாங்கிதான். அது மரத்துகளை அழுத்திச் செய்த பலகை. இரண்டு மழைக்காலத்தில் திருகு போட்ட இடமெல்லாம் ஈரம் ஏறி, ஊதி, உதிர்ந்துவிட்டது. பிறகு நானே கடல்தர ஒட்டுப்பலகையில் அதே அளவுக்கு வெட்டி, விளிம்புகளுக்கு ரெசின் பூசி, புதிய தாங்கி செய்துகொண்டேன். சுழலும் இடத்தில் டெஃப்லான் துண்டுகள் மூன்றை வைத்தேன். அன்றிலிருந்து அசைவு வெண்ணெய்போல் இருக்கிறது.

ஆடியைக் காப்பாற்றுவது கடினமில்லை. பார்த்து முடித்தவுடன் இரு முனைகளையும் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு, குழலைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்கிறேன். பொட்டலத்தை மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்துவேன். ஆடியின் மேல் உப்புத்தூள் படிந்தால் துணியால் துடைக்கவே கூடாது. அலுமினியப் பூச்சு ஒரு மயிரிழையின் தடிமன்கூட இல்லாதது, உப்புப் படிகம் அதைக் கீறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, ஓடும் நீரில் கழுவி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சாய்த்து வைத்தால் தானே காய்ந்துவிடும். ஐபீஸ்களைத் தோல் உறையில் வைக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

கெடிலக்கரை | 10 பிப்ரவரி 2026, இரவு 8.30

ஒரு கடையில் பூமத்திய ரேகைத் தாங்கி என்று ஒன்றைக் காட்டினார்கள். விண்மீன் நகர நகரத் தானே தொடரும், அதுதான் முறையானது என்றார்கள். அது தேவையா?

பாகூர் ஏரிக்கரை | 10 பிப்ரவரி 2026, இரவு 9.20

ஒளிப்படம் எடுப்பவருக்குத் தேவை, உங்களுக்கு வேண்டாம். நம் ஊருக்கென்று இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்தத் தாங்கியின் அச்சைத் துருவ மீனை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். துருவ மீன் ஓர் ஊரின் அகலாங்கு (அட்சரேகை) எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் தெரியும். கடலூருக்கும் புதுவைக்கும் அது 12 பாகைக்கும் சற்றுக் குறைவு. கையை நீட்டி முட்டியை அடிவானத்தின்மேல் வைத்தால் அதற்குச் சற்று மேலே. அந்த உயரத்தில் புழுக்கமும் ஊர் வெளிச்சமும் சேர்ந்து பெரும்பாலான இரவுகளில் அதை விழுங்கிவிடும். மேலும் நடு அகலாங்கு நாடுகளுக்கென வடிவமைத்த மலிவான தாங்கிகளை 12 பாகைக்குத் தாழ்த்தினால், எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும்.

ஆனால் துருவ மீனைத் தாழ்த்திய அதே அகலாங்கு தெற்கை நமக்கு உயர்த்திக் கொடுத்திருக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாத அகத்திய மீன் நமக்கு 25 பாகை உயரத்தில் எரிகிறது. ஒமேகா சென்டாரி என்னும் கோளக்கொத்து (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டம்) உச்சத்தில் 30 பாகை வரை ஏறுகிறது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில் இருந்தும் முழுநிலவின் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் தெற்கை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. தாழ்வான தென்வானம் உங்கள் மாடியிலிருந்து தெரியாவிட்டால், கருவியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கும். தூக்க முடியாத பெரிய ஆடி அந்த இரவுகளில் வீட்டிலேயே இருந்துவிடும்.

14ஆம் தேதி சனிக்கிழமை நிலவு இராது. ஏரிக்கரைக்கு மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். என் 200 மி.மீ. இருக்கும். தேவனாம்பட்டினத்து நண்பரும் வந்தால் 150 மி.மீ. கருவியையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கெடிலக்கரை | 15 பிப்ரவரி 2026, காலை 9.00

நேற்று இரவு எட்டு மணிக்குப் போய்ப் பதினொன்றரை வரை இருந்தோம். தென்கிழக்கில் கடலூரின் வெளிச்சம் மட்டும் சற்று உறுத்தியது. மற்றபடி நான் இவ்வளவு விண்மீன்களைச் சிறுவயதுக்குப் பிறகு பார்த்ததில்லை. வியாழனை 200 மி.மீ. கருவியிலும் 150 மி.மீ. கருவியிலும் பார்த்தபோது எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டிலும் இரண்டு பழுப்புப் பட்டைகள் தெளிவாக இருந்தன. மிருகசீரிடத்து ஒளிமுகிலில் மட்டும் பெரிய கருவி இறக்கைகளை வெகுதூரம் விரித்துக் காட்டியது. வியாழன் தலைக்கு நேர்மேலே வந்த பிறகு டாப்சோனியனைத் திருப்புவது கடினமாகிவிடுகிறது என்பதையும் கவனித்தேன். என் மகள் தானாகவே கார்த்திகையைக் கண்டுபிடித்தாள். பிறகு 20 கிலோ கருவியைத் தூக்கிப் பார்த்தேன்; எங்கள் படிக்கட்டில் அது ஏறாது என்பதை அங்கேயே முடிவு செய்துவிட்டேன். 130 மி.மீ. கருவிதான்.

இலாசுப்பேட்டை ஆசிரியை | 15 பிப்ரவரி 2026, முற்பகல் 11.15

மகிழ்ச்சி. என் பைனாகுலரை மகளுக்கு இரவலாகத் தருகிறேன். கருவி வந்து சேரும் வரை அவளிடம் இருக்கட்டும். மார்ச் 3ஆம் தேதி முழு நிலவு மறைப்பு. நமக்கு நிலவு உதிக்கும்போது முழு மறைப்பு முடிந்திருக்கும். ஆனால் பகுதி மறைப்பு மாலை 6.47 வரை நீடிப்பதால், கடலிலிருந்து குறையுள்ள நிலவு எழுவதை வெள்ளிக் கடற்கரையில் நின்று பார்க்கலாம்.

தெற்கைப் பற்றி நண்பர் எழுதியதைப் படித்தபோது புதுவையின் பழைய நினைவு ஒன்று வந்தது. இந்த விவாதத்துக்கு அது வெளியே இல்லை என்று நம்புகிறேன். 1689 டிசம்பரில் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் இதே புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆல்பா சென்டாரி ஒரே மீன் அல்ல, இரட்டை மீன் என்று கண்டறிந்தார். நீங்கள் வாங்கப்போகும் கருவியின் தெளிவு அன்றைய ஒற்றை வில்லைக் குழலுக்கு இருந்திருக்க வழியில்லை. பிறகு 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு அறிஞர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து புதுவைக்கு வந்தார். பல நாள் தெளிவாக இருந்த வானம் ஜூன் 4ஆம் தேதி காலையில் மேகத்தால் மூடிக்கொண்டது. நம் வானம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அநேகமாக மூடியே கிடக்கும். மற்ற மாதங்களிலும் அரை மணி நேரம் திறந்துவிட்டு மூடிக்கொள்ளும். ஐந்தே நிமிடத்தில் வெளியே கொண்டுவந்து வைக்கக்கூடிய கருவியே இங்கே பயன்படும் என்பதில் இப்போது நானும் பாகூர் நண்பரோடு உடன்படுகிறேன்.

கெடிலக்கரை | 4 மார்ச் 2026, காலை 7.40

மாசி மகத்தை ஒட்டிய கூட்டம் கடற்கரையில் இருந்தது. நிலவு எழும்போது அடிவானத்து மங்கலில் முதலில் ஒன்றும் தெரியவில்லை; 6.30 மணியளவில் சிவந்த வட்டத்தின் ஓர் ஓரம் கடிபட்டதுபோல் தெரிந்தது. பைனாகுலரை அருகிலிருந்த பத்துப் பதினைந்து பேர் வாங்கிப் பார்த்தார்கள்.

130 மி.மீ. கருவி வந்துவிட்டது. குவியத்தொலைவு 650 மி.மீ.; 25, 10 மி.மீ. ஐபீஸ்கள் உடன் வந்திருக்கின்றன. 65 மடங்கிலேயே வியாழன், வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவைவிடப் பெரிதாக இருக்கும் என்று பாகூர் ஐயா ஏரிக்கரையில் கணக்குப் போட்டுச் சொன்னபோது நான் நம்பவில்லை. இரண்டு நாள் முன்பு பார்த்துவிட்டேன். இன்னொரு ஐபீஸ் வாங்க வேண்டுமா?

பாகூர் ஏரிக்கரை | 4 மார்ச் 2026, இரவு 9.10

6 மி.மீ. ஒன்று மட்டும் வாங்குங்கள்; 108 மடங்கு கிடைக்கும். பெரும்பாலான இரவுகளில் நம் கடலோரக் காற்று அதற்கு மேல் தாங்காது. பார்லோ வேண்டாம். 14ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, நிலவு எழுவதற்கு முன், தென்வானத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சென்டாரி மீன்கள் உச்சிக்கு வருவதற்கு முன் தென்கிழக்கில், கடலுக்கு மேலே நிற்கும். அங்கே ஊர் வெளிச்சம் இல்லை. உச்சி கடந்தால் நிலத்தின் பக்கம் சாய்ந்து ஒளியில் கரைந்துவிடும்.

கெடிலக்கரை | 15 மார்ச் 2026, காலை 10.30

மகளோடும் தேவனாம்பட்டினத்து நண்பரோடும் சாமியார்பேட்டைக் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஒமேகா சென்டாரி 26 மடங்கில் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடிபோல் ஒரு வட்டமாக இருந்தது. 65 மடங்கில் அதன் விளிம்பு மட்டும் நுண்ணிய மணல்துகள்களாகப் பிரிந்தது. ஆல்பா சென்டாரியைப் பின்னிரவு இரண்டரை மணிக்கு 108 மடங்கில் பார்த்தோம். காற்றில் நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுக்கம் அடங்கிய நொடிகளில் மஞ்சளாக இரண்டு மீன்கள், ஒன்று சற்று மங்கலாக, தனித்தனியே நின்றன. மகள் அவற்றை நோட்டில் வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைத்தாள்.

திரும்பி வந்து பார்க்கும்போது தாங்கியின் அடிப்பலகை ஈரமாக இருந்தது. இதுவும் துகள்பலகைதான் போலிருக்கிறது.

தேவனாம்பட்டினம் | 15 மார்ச் 2026, நண்பகல் 12.20

வெயிலில் காய வைக்காதீர்கள், வளைந்துவிடும். நிழலில் மின்விசிறிக்கு நேரே இரண்டு நாள் வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவந்தால் விளிம்புகளுக்கு ரெசின் பூசித் தருகிறேன். குழலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்; பட்டறைத் தூசு ஆடிக்கு ஆகாது.